உறைபனியும் பூங்காவும்

நாஞ்சில் நாட்டில் பனி என்றால் நெற்பயிரின் நுனியில் நிற்கும் நீர்த்துளியே நினைவிற்கு வரும். மார்கழித் திங்களில் தோவாளை மலர்ச் சந்தைக்குப் பிச்சியும் மல்லிகையும் குறைவாக வருகின்றன; அதனால் விலை ஏறுகிறது. பனி அங்குச் செய்யும் கேடு பெரும்பாலும் அவ்வளவே. அதே நாள்களில் நீலகிரியில் பனி வேறு வடிவம் கொள்கிறது. உதகமண்டலத்தின் புல்வெளிகள் விடியற்காலையில் உப்புப் பாத்திகளைப்போல வெளுத்துக் கிடக்கும். அத்தகைய இடத்தில் அழகுக்கென ஒரு பூங்காவைப் பேணுதல் எளிய செயலன்று.

தொட்டபெட்டா மலைச்சரிவில், கடல் மட்டத்திற்கு 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில், அந்நகரின் அரசினர் தாவரவியல் பூங்கா அமைந்துள்ளது. 1848-ஆம் ஆண்டில் அங்கு வந்த மக்ஐவர் என்னும் தோட்டக்கலை வல்லுநர், மேடும் பள்ளமுமாகக் கிடந்த நிலத்தைத் திருத்திப் பூங்காவாக்கினார்.

உறைபனி வானிலிருந்து மழைபோலப் பொழிவதன்று. முகிலும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைந்து இழக்கிறது. அதனையடுத்த காற்றும் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி இலைமீது பனிக்கட்டியாகப் படிகிறது. குளிர்ந்த காற்று கனமுடையது; ஆதலின் அது நீரைப்போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மலைநாட்டில் தோட்டம் அமைப்போர் முதலில் அறிய வேண்டுவது இதுவே. மென்மையான செடிகளைப் பள்ளத்தில் நட்டுவிட்டுப் பனியை நொந்து பயனில்லை. சரிவின் இடைப்பகுதியும் மரநிழலும் அவற்றிற்கு ஏற்றவை. மரக்கிளைகள் நிலத்தின் வெப்பம் முற்றும் வெளியேறாதபடி போர்வையாகின்றன. திறந்த வெளியில் பான்சி போன்ற குளிர் தாங்கும் செடிகளே நிற்கும்.

பனிக்கட்டி இலையின் உயிரணுக்களிலிருந்து நீரை உறிஞ்சிவிடுகிறது. வெயில் ஏறியதும், வெந்நீர் ஊற்றியதுபோல இலை துவண்டு கருகும். இதனைத் தடுக்கவே தொழிலாளர்கள், மிலார் எனப்படும் செடியின் கொப்புகளைக் கொணர்ந்து நாற்றுகளை மூடுகின்றனர். மண் காய்ந்துவிடாமல் நீரும் தெளிக்கின்றனர். ஈரமண் பகலின் வெப்பத்தைச் சேர்த்து வைத்து இரவில் சிறிது சிறிதாக வெளியிடும். மே திங்களில் மலர்க்காட்சி காண வருவோர் திரளானவர். 1896-இல் தொடங்கிய காட்சி அது. ஆயினும், அங்குள்ள மலர்களிற் பல, தை மாதக் குளிரில் விரலளவு நாற்றுகளாகக் காக்கப்பட்டவை என்பதை அறிந்தோர் சிலரே.

மலர் குறைந்த அந்நாள்களிலும் பூங்கா அழகிழப்பதில்லை. மலரில்லாதபோது கண் மரத்தின் வடிவை நாடுகிறது. கோபுரம்போல் உயர்ந்த சைப்ரசு, முள்போன்ற இலைகளைக் கொண்ட குரங்கு ஏறா மரம், ஓரங்களில் வெண்கரை பூண்ட பெரணி ஆகியவற்றைக் காலைக் கதிர் பட்டவுடன் பார்க்க வேண்டும். சிறிது நேரத்தில் எல்லாம் நீராகிவிடும். பார்ப்போர் அப்போது உறைந்த புல்லில் நடத்தலாகாது. நொறுங்கிய புல்லில் காலடித்தடம் பல நாள் பழுப்பாக நிற்கும்.

டேலியா ஓரிரவுப் பனியிலேயே கருகிப்போகும். அதைக் கண்டு தோட்டக்காரர் கலங்குவதில்லை. மண்ணுக்குள் கிழங்கு உயிரோடிருக்கிறது. கருகிய தண்டை வெட்டிவிட்டு, கிழங்கின்மேல் சருகைக் கனமாகப் பரப்பி, அவர் அடுத்த பாத்திக்குச் செல்கிறார்.