ஒரு சொட்டு எண்ணெய் என்ன சொல்லுது? – விமான ஹைட்ராலிக் சிஸ்டத்தை ஆய்வு செய்வது எப்படி



ஏ320 விமானத்தில் போனவங்களுக்கு ஒரு சத்தம் ஞாபகம் இருக்கும். விமானம் கிளம்பும் முன்போ, இறங்கி கேட்டுக்கு வரும்போதோ, தரைக்குக் கீழே யாரோ நாயைக் கட்டிப் போட்ட மாதிரி "வவ்... வவ்..." என்று கேட்கும். அது நாயும் இல்லை, பழுதும் இல்லை. பவர் ட்ரான்ஸ்ஃபர் யூனிட் என்ற கருவி. ஏ320-இல் பச்சை, நீலம், மஞ்சள் என்று மூன்று ஹைட்ராலிக் சிஸ்டம் உண்டு. பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடையே பிரஷர் வித்தியாசம் 500 பிஎஸ்ஐ-ஐத் தாண்டினால் இந்த யூனிட் தானாக ஓடி, பிரஷர் குறைந்த பக்கத்துக்குக் கை கொடுக்கும். இரண்டு பக்க எண்ணெயும் ஒன்றோடொன்று கலக்காது, சக்தி மட்டும்தான் கைமாறும்.

இந்த சிஸ்டம் எப்படி வேலை செய்யுதுன்னு ஃப்ளூயிட் பவர் பாடத்தில் படிச்சிடுவோம். ஆனால் அது தேயுதா, அடி பட்டிருக்கா, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதை எப்படிப் பார்ப்பது? சிலபஸில் இதுக்கு அரைப் பக்கம்தான். இன்டர்ன்ஷிப்புக்கு ஹேங்கர் பக்கம் போனால் முதல் நாளே கேட்பது இதைத்தான். வாங்க, பார்க்கலாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

பெரும்பாலான ஜெட் விமானங்களில் ஹைட்ராலிக் பிரஷர் 3000 பிஎஸ்ஐ. ஏ380, போயிங் 787, ஏ350 மாதிரி புது விமானங்களில் 5000 பிஎஸ்ஐ. கார் டயரில் நாம அடிக்கிற காற்று சுமார் 32 பிஎஸ்ஐ, அதாவது இது 90 மடங்குக்கும் மேல்.

பாஸ்கல் விதிப்படி 10 சதுர அங்குலப் பரப்புள்ள பிஸ்டனில் 3000 பிஎஸ்ஐ கொடுத்தால் 30,000 பவுண்டு விசை வரும். கிட்டத்தட்ட 13.6 டன். உள்ளங்கை அகலத்தில் ஒரு பிஸ்டன், லேண்டிங் கியரையே தூக்கிடும். அதே பிரஷர்தான் விரல் தடிமன் ட்யூபிலும், நூல் தடிமன் ஓ-ரிங்கிலும் உட்கார்ந்திருக்கு. பலவீனமான இடம் எங்கே இருக்கோ, அங்கே கதவைத் தட்டும்.

அதனால்தான் ஒன்றுக்கு மூன்றாக சிஸ்டம் வைக்கிறாங்க. ஆனால் மூன்று இருந்தால் மட்டும் போதாது. 1989 ஜூலை 19-ஆம் தேதி யுனைடெட் ஏர்லைன்ஸ் 232 விமானத்தில், வால் பகுதி எஞ்சினின் ஃபேன் டிஸ்க் உடைந்து சிதறியது. அந்த டிசி-10 விமானத்தின் மூன்று ஹைட்ராலிக் சிஸ்டமும் ஒரே நேரத்தில் போச்சு. பைலட்டுகள் மீதமிருந்த இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே விமானத்தை அயோவாவின் சூ சிட்டி வரை கொண்டு வந்தாங்க. 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள், 112 பேர் இறந்தார்கள். அந்த டிஸ்கில் களைப்பு விரிசல் ஏற்கனவே இருந்தது, அதற்கு முந்தைய ஆய்வில் கண்ணுக்குத் தப்பிவிட்டது. ஆய்வு என்பது ஃபார்மில் டிக் அடிக்கிற வேலை இல்லை என்பதற்கு இதைவிட என்ன சொல்ல!

கை வைக்கும் முன்

பிரஷர் உள்ள லைனில் ஊசித் துளை அளவு கசிவு இருந்தால், எண்ணெய் கண்ணுக்கே தெரியாத மெல்லிய பீச்சாக வரும். அதை விரலால் தடவிக் கண்டுபிடிக்கவே கூடாது. தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. ஆனால் அது உடனடி அறுவை சிகிச்சை வேண்டிய காயம். சந்தேகம் வந்தால் ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்க, அட்டை நனைஞ்சா தெரிஞ்சிடும்.

எதையும் கழற்றும் முன் பிரஷரை முழுசா இறக்கணும். பம்பை நிறுத்தினால் மட்டும் பிரஷர் போகாது, அக்குமுலேட்டரில் மிச்சம் இருக்கும். பிரஷர் ஏற்றும் முன் ஃபிளாப், ரடர், கியர் கதவு பக்கத்தில் யாரும் இல்லையென்று உறுதி செய்யணும். லேண்டிங் கியர் பின் போட்டிருக்கணும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். முக்கியமா ஸ்கைட்ரால் வகை எண்ணெய் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது.

எண்ணெயே பேசும்

முதலில் நிறம். சிவப்பு என்றால் பெட்ரோலியத்திலிருந்து வரும் மினரல் எண்ணெய். சின்ன விமானங்களிலும், லேண்டிங் கியரின் ஷாக் ஸ்ட்ரட்டிலும் இதைப் பார்க்கலாம். ஊதா என்றால் பாஸ்பேட் எஸ்டர், அதாவது ஸ்கைட்ரால் வகை. எளிதில் தீப்பிடிக்காது என்பதால் பெரிய பயணிகள் விமானங்களில் இதுதான்.

இரண்டையும் கலக்கக் கூடாது. மினரல் எண்ணெய்க்கு நைட்ரைல் ரப்பர் சீல், ஸ்கைட்ராலுக்கு எத்திலீன் புரோப்பிலீன் சீல். மாற்றி ஊற்றினால் சீல் ஊதும், மென்மையாகும், கடைசியில் கசியும். தவறான எண்ணெய் உள்ளே போயிருந்தால் வடித்துவிட்டு விடுவது போதாது. சிஸ்டத்தை ஃப்ளஷ் செய்து, சீல்களையும் மாற்ற வேண்டி வரும்.

நிறம் வழக்கத்தைவிடக் கருத்து, கருகிய வாசனை வந்தால் எங்கேயோ அதிக சூடு. பால் மாதிரி கலங்கியிருந்தால் தண்ணீரோ காற்றோ கலந்திருக்கு. இனி அளவு. ரிசர்வாயர் மட்டத்தைப் பார்க்கும் முன் கியர், ஃபிளாப், பிரேக் அக்குமுலேட்டர் எல்லாம் மேனுவல் சொல்ற நிலையில் இருக்கான்னு பாருங்க. ஒரு பிஸ்டன் வெளியே நீட்டியிருந்தால், அந்த அளவு எண்ணெய் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். அது தெரியாமல் குறையுதுன்னு ஊற்றினால் அப்புறம் வழிஞ்சிடும்.

ட்யூபும் ஹோஸும்

டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துக்குங்க. முதலில் துடைக்கணும், அழுக்குக்குள்ளே விரிசல் ஒளிஞ்சிருக்கும். ஹைட்ராலிக் லைன் எதுன்னு குழம்ப வேண்டாம். நீலம்-மஞ்சள் பட்டையும் வட்டக் குறியும் ஒட்டியிருக்கும்.

உலோக ட்யூபில் பார்க்க வேண்டியது கீறல், ஒடுக்கு, அரிப்பு, உரசல் தடம். அமெரிக்க எஃப்ஏஏ-வின் பொதுவான வழிகாட்டல் இப்படி:

• அலுமினிய அலாய் ட்யூபில் கீறல் ஆழம் சுவர்த் தடிமனில் 10 சதவீதத்துக்குள் இருந்து, வளைவின் குதிகாலில் இல்லாமல் இருந்தால், தேய்த்து மழுக்கிச் சரி செய்யலாம்.
• ஒடுக்கு, ட்யூபின் விட்டத்தில் 20 சதவீதத்துக்குள் இருந்து, வளைவின் குதிகாலில் இல்லாமல் இருந்தால் ஏற்கலாம்.
• வளைவில் ட்யூப் தட்டையானால், குறுகிய விட்டம் மூல விட்டத்தில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது.

ஏன் வளைவுக்கு மட்டும் இவ்வளவு கறார்? வளைக்கும்போதே அங்கே சுவர் மெலிஞ்சு, உள்ளே தகைவும் சேர்ந்திருக்கு. அதன் மேல் ஒரு கீறல் விழுந்தால் களைப்பு விரிசலுக்கு நாமே கோடு போட்டுக் கொடுத்த மாதிரி. இன்னொண்ணு, அந்தந்த விமானத்தின் மேனுவல் வேறு எண் சொன்னால் அதுதான் இறுதி.

ஹோஸில் நீளவாக்கில் ஒரு கோடு அச்சிட்டிருக்கும். அது நேராக ஓடணும். பாம்பு மாதிரி சுற்றிக்கொண்டு போனால் ஹோஸ் முறுக்கி மாட்டப்பட்டிருக்குன்னு அர்த்தம். பிரஷர் ஏறும்போது ஹோஸ் கொஞ்சம் சுருங்கும், அதனால் 5 முதல் 8 சதவீதம் தளர்வு விட்டு மாட்டுவாங்க. இழுத்துக் கட்டிய ஹோஸ் முனையில் பிய்த்துக்கொண்டு வரும். மேலுறையில் கொப்புளம், பின்னல் கம்பி அறுந்து நீட்டியிருப்பது, கிளாம்ப் அழுத்திய தடம் நிரந்தரமாகப் பதிந்திருப்பது, இதெல்லாம் பார்க்கணும். நாள்பட்ட டெஃப்லான் ஹோஸ் இருந்த வளைவிலேயே பழகியிருக்கும். கழற்றினதும் நேராக்கிப் பார்க்கும் ஆசை வரும், செய்யாதீங்க.

"இன்னும் ஒரு சுத்து" வியாதி

ஃபிட்டிங்கில் ஈரம் பார்த்ததும் கை ஸ்பேனரைத் தேடும். பிரஷர் இருக்கும்போது ஃபிட்டிங்கை இறுக்கவே கூடாது. இறக்கிவிட்டு, டார்க் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க. சரியான டார்க்கிலும் கசிந்தால் கழற்றி ஃப்ளேரைப் பார்க்கணும். அளவுக்கு மீறி இறுக்கினால் ஃப்ளேர் நசுங்கி விரிசல் விடும், இன்றைக்கு நிற்கிற கசிவு நாளை உடைப்பாகும். விமான ஃப்ளேர் 37 பாகை, கார்களில் வழக்கம் 45 பாகை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் மாற்றிப் போட முடியாது.

வெளியே தெரியும் கசிவு, தெரியாத கசிவு

வெளிக் கசிவில் எண்ணெய் சொட்டும் இடமும் கிளம்பும் இடமும் ஒன்றாக இருக்கணும்னு கட்டாயம் இல்லை. ட்யூப் வழியே ஓடி, தாழ்வான கிளாம்பில் வந்து சொட்டும். துடைத்து, பிரஷர் ஏற்றி, முதலில் எங்கே ஈரமாகுதுன்னு காத்திருந்து பார்ப்பதுதான் ஒரே வழி. எல்லாக் கசிவும் விமானத்தை நிறுத்தாது. சில சீல்களில் நிமிடத்துக்கு இத்தனை சொட்டு வரை மேனுவலே அனுமதிக்கும். அதனால் "லேசா கசியுது" என்று எழுதாமல், கடிகாரம் பார்த்து எண்ணி எழுதணும்.

உள் கசிவுதான் தந்திரக்காரன். ஆக்சுவேட்டரின் பிஸ்டன் சீல் தேய்ந்தால் எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நழுவி ரிட்டர்ன் லைனில் போய்விடும். தரையில் ஒரு சொட்டும் விழாது, ரிசர்வாயர் மட்டமும் குறையாது. அப்புறம் எப்படிப் பிடிப்பது? சூடு மூலமாக! 207 பாரில், அதாவது 3000 பிஎஸ்ஐ-இல், நிமிடத்துக்கு 1 லிட்டர் உள்ளுக்குள் நழுவினால் சக்தி = பிரஷர் × ஓட்டம் = சுமார் 345 வாட். ஒரு வேலையும் செய்யாமல் அத்தனையும் வெப்பமாகுது. ஓய்வில் இருக்க வேண்டிய ஆக்சுவேட்டர் சூடாக இருக்கு, கியர் ஏற அதிக நேரம் எடுக்குது, மின் பம்பு அடிக்கடி ஓடுது என்றால் சந்தேகப்படுங்க.

ஃபில்டர், பம்பு, அக்குமுலேட்டர்

ஃபில்டர் அடைத்துக்கொண்டால் இருபக்க பிரஷர் வித்தியாசம் கூடி ஒரு சிவப்பு பட்டன் வெளியே துருத்தும். பட்டனை உள்ளே தள்ளிவிட்டுப் போவது பரிசோதனை இல்லை. எலிமென்ட்டைக் கழற்றி, அதில் என்ன சிக்கியிருக்குன்னு பாருங்க. காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, பளபள மஞ்சள் தூள் வெண்கலம், கருப்புத் துணுக்கு சீல் ரப்பர். பம்பிலிருந்து வரும் கேஸ் ட்ரெயின் லைனின் ஃபில்டரில் உலோகத் தூள் நிறைய இருந்தால் பம்பு உள்ளுக்குள்ளேயே தன்னைத் தின்கிறது. பம்பை மட்டும் மாற்றி, லைனைச் சுத்தம் செய்யாமல் விட்டால் புதுப் பம்புக்கும் அதே கதிதான்.

அக்குமுலேட்டரின் நைட்ரஜன் அழுத்தத்தை, ஹைட்ராலிக் பிரஷரை முழுசா இறக்கிய பிறகே பார்க்கணும். இல்லையென்றால் மீட்டர் காட்டுவது எண்ணெயின் பிரஷரை. நைட்ரஜன் வால்விலிருந்து எண்ணெய் வந்தால் நடுவில் உள்ள டயாஃப்ரமோ சீலோ கிழிந்துவிட்டது.

உரசியது ஹைட்ராலிக், ஒழுகியது எரிபொருள்

2001 ஆகஸ்ட் 24. ஏர் டிரான்சாட் 236, ஏ330, டொரான்டோவிலிருந்து லிஸ்பனுக்கு 306 பேருடன் போகுது. அட்லான்டிக் நடுவில் வலது எஞ்சினின் எரிபொருள் ட்யூப் உடைந்தது. கசிவு என்று புரியாமல், இரு பக்க டேங்க் அளவைச் சமப்படுத்த கிராஸ்ஃபீட் திறக்கப்பட்டது. இடப்பக்க எரிபொருளும் அந்த ஓட்டை வழியே போச்சு. இரண்டு எஞ்சினும் நின்றன. சுமார் 19 நிமிடம் கிளைடர் மாதிரி மிதந்து அசோர்ஸ் தீவின் லாஜஸ் தளத்தில் இறங்கினாங்க. எல்லோரும் பிழைத்தார்கள்.

எரிபொருள் ட்யூப் ஏன் உடைந்தது? சில நாள் முன்பு அந்த எஞ்சின் மாற்றப்பட்டிருந்தது. புதிதாக வந்த எஞ்சின் பழைய வடிவமைப்பு, அதில் பொருத்திய ஹைட்ராலிக் பம்பு புது வடிவமைப்பு. இரண்டும் சேர்ந்தபோது ஹைட்ராலிக் லைனுக்கும் எரிபொருள் ட்யூபுக்கும் இடையே இடம் போதவில்லை. இது குறித்த சர்வீஸ் புல்லட்டின் உண்டு என்பது தெரிந்தும், கம்ப்யூட்டர் நெட்வொர்க் சிக்கலால் அதைத் திறந்து பார்க்க முடியவில்லை. நேர நெருக்கடி வேறு. லைனைக் கையால் விலக்கிப் பிடித்தபடி இறுக்கி, இடைவெளி வரவழைத்தாங்க. நின்ற நிலையில் பார்த்தால் இடைவெளி இருந்தது. பிரஷர் ஏறியதும் ட்யூப் தன் இயல்பு வடிவத்துக்குத் திரும்ப முயன்றது. தொட்டது, உரசியது, உடைத்தது.

இதில் நமக்கு மூன்று பாடம். ஒன்று, இடைவெளியைப் பிரஷர் ஏறிய நிலையையும் அதிர்வையும் நினைத்துப் பார்த்துத்தான் தீர்மானிக்கணும். இரண்டு, ட்யூபை விசை கொடுத்துப் பிடித்தால்தான் பொருந்துது என்றால் அது பொருந்தவில்லை என்று அர்த்தம், பார்ட் நம்பரைத் திரும்பப் பாருங்க. மூன்று, ஆவணம் கிடைக்கவில்லை என்றால் வேலை முடியவில்லை. கையெழுத்துப் போட மறுப்பதும் இன்ஸ்பெக்ஷனில் ஒரு பகுதிதான். ஜூனியரா இருக்கும்போது அதுதான் ரொம்பக் கஷ்டமான பகுதி.

உங்களுக்கு ஒரு கணக்கு

அரை அங்குல விட்டம், 0.035 அங்குலச் சுவர் உள்ள அலுமினிய அலாய் ட்யூபின் நேர் பகுதியில் 0.003 அங்குல ஆழக் கீறலும், வேறொரு இடத்தில் 0.12 அங்குல ஆழ ஒடுக்கும் இருக்கு. ட்யூப் பாஸா, ஃபெயிலா?

விடை: கீறல் 8.6 சதவீதம், மழுக்கினால் போதும். ஒடுக்கு 24 சதவீதம், எல்லையைத் தாண்டியாச்சு. ட்யூபை மாற்றணும். ஒரு குறை பாஸ் ஆனதைப் பார்த்துட்டு அடுத்த குறையை விட்டவங்க, மறுபடியும் டார்ச்சை எடுங்க!