முள்முடி வீரனின் வேஷம்

கேள்வி: 'ஃபைனல் ஃபேண்டஸி 7' விளையாட்டில் வரும் கிளவுட் என்ற வீரனின் உடையைத் தைத்துவிட்டேன், டோப்பாதான் நிமிர்ந்து நிற்க மறுக்கிறது. என்ன செய்வது?

பதில்: 1997-இல் ஜப்பானில் வெளிவந்த அவ்விளையாட்டின் பாத்திரங்களை வரைந்த டெட்சுயா நொமுரா அவ்வீரனுக்குச் சூட்டிய முள்முடி, பூமியின் ஆகர்ஷண சக்தியைச் சற்றும் பொருட்படுத்தாத கற்பனையாதலால், அதைக் கையால் செய்ய முற்படுவோர்க்குப் பொறுமையே பிரதான மூலதனம். உஷ்ணம் தாங்கும் செயற்கை இழைதானா என்று முதலில் நிச்சயித்துக்கொண்டு, முடியைக் கற்றை கற்றையாகப் பிரித்து, ஒவ்வொன்றின் அடியையும் வேரை நோக்கி எதிர்ப்புறமாக வாரிச் சிக்காக்கி, ஹேர் ஸ்பிரே தெளித்து, ஹேர் டிரையரின் வெப்பத்தில் இளகவைத்து, விரும்பிய திசையில் பிடித்தபடியே ஆறவிடுங்கள். ஏனெனில், இழை இளகுவது சூட்டில். வடிவம் நிலைப்பதோ ஆறுகையில்தான். அவசரப்பட்டுச் சூட்டோடு சூடாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டால், வீரன் மழையில் நனைந்த கோழியாகிவிடுவான்!