சுக்கான் நிலம்

உழவனுக்கு முதற்செல்வம் நிலம். அந்நிலத்தின் இயல்பை அறிந்து பயிரிடுவதே உழவின் முதற்பாடம். பண்டைத் தமிழர் நிலத்தை வன்புலம், மென்புலம் எனப் பகுத்தனர். கரிசல், செவ்வல், களர், உவர் என நிறமும் குணமும் விளங்கப் பெயரிட்டு வழங்குவதும் தமிழ் உழவர் மரபு. அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது, சுண்ணாம்பு மிகுந்த சுக்கான் நிலம். சேலம், நாமக்கல் சமவெளிகளின் மேட்டுப் பாங்கான இடங்களில் இந்நிலத்தைப் பலவிடத்தும் காணலாம்.

சேர்வராயன் மலை, கொல்லிமலை, கஞ்சமலை முதலிய மலைகளுக்கு இடையே பரந்து கிடப்பது இச்சமவெளி. திருமணிமுத்தாறும் சரபங்கா நதியும் இதன் ஒரு பகுதியில் ஓடிக் காவிரியில் கலக்கின்றன. முன்னர்ச் சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த நாமக்கல், 1997ஆம் ஆண்டு முதல் தனி மாவட்டமாக இயங்கி வருகிறது. இங்குள்ளோர் மழையை நம்பி விளையும் மேட்டு நிலத்தைக் ‘காடு’ என்றும், கிணற்றுப் பாசன நிலத்தைத் ‘தோட்டம்’ என்றும் கூறுவர். காடு எனினும் அது மரமடர்ந்த வனமன்று; சோளமும் நிலக்கடலையும் மரவள்ளியும் விளையும் புன்செய் நிலமேயாகும்.

இத்தகைய காட்டில் புதிதாகக் கிணறு தோண்டும் இடத்தில் மண்ணின் அடுக்குகளைத் தெளிவாகக் காணலாம். மேலே செம்மண், அதன் கீழே வெண்ணிற நூலிழைகள் போன்ற கோடுகள், இன்னும் கீழே கொட்டைப்பாக்கு அளவிலும் அதனிற் பெரிய அளவிலும் கரடுமுரடான வெண்கற்கள். இவையே சுக்கான் கற்கள். முற்காலத்தில் இவற்றைச் சூளையிலிட்டுச் சுட்டு, வீடு கட்டுவதற்கு வேண்டிய சுண்ணாம்பை உண்டாக்கினர்.

இக்கற்கள் மண்ணுக்குள் எவ்வாறு தோன்றின? இப்பகுதியின் பாறைகளிலும் மலையிலிருந்து அடித்து வரப்பெற்ற மண்ணிலும் சுண்ணாம்புச் சத்து கலந்துள்ளது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சிறிது புளிப்புத் தன்மை அடைகிறது. அந்நீரில் சுண்ணாம்பு கரைந்து கீழே இறங்குகிறது. மழை மிக்க நாடாயின், அது மண்ணை விட்டு அறவே கழுவுண்டு போய்விடும். சேலம் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 90 சென்டிமீட்டர். நாமக்கல் மாவட்டத்தில் ஏறத்தாழ 70 சென்டிமீட்டரே. ஆதலால் நீர் சிறிது ஆழம் சென்று நின்றுவிடுகிறது. கோடை வெயிலில் நீர் வற்ற, சுண்ணாம்பு மட்டும் அங்கே தங்குகிறது. பல்லாயிரம் ஆண்டுகள் இவ்வாறு படிந்த சுண்ணாம்பே திரண்டு கல்லாயிற்று.

வெண்ணிறமாயிருப்பன எல்லாம் சுண்ணாம்பல்ல. சேலம் நகரின் வடபால் உள்ள வெண்ணிறக் குன்றுகளைச் சுண்ணாம்புக் குன்றுகள் என்று ஆங்கிலேயர் அழைத்தனர். ஆயினும் அங்குள்ளது மாக்னசைட்டு என்னும் வேறொரு தாது. மக்கள் அதனை வெள்ளைக்கல் என்பர். சுக்கான் கல்லைப் பொடி செய்து அதன்மீது எலுமிச்சஞ் சாற்றைச் சொட்டினால் நுரை எழும். வெள்ளைக்கல்லில் அவ்வாறு எளிதில் நுரை எழுவதில்லை.

புறநாடுகளிலும் சுண்ணாம்பு மிக்க மேட்டு நிலங்கள் உள்ளன. வட அமெரிக்காவின் பிரெய்ரி என்னும் புல்வெளிகளிலும், உருசிய நாட்டுக் கருமண் வெளிகளிலும் அடிமண்ணில் சுண்ணாம்பு திரண்டிருப்பதுண்டு. உருசிய அறிஞர் தொக்குச்சாயெவ் 1883ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், அக்கருமண்ணை ஆராய்ந்து மண்ணியலுக்கு அடிகோலிற்று. அங்கே குளிர் மிகுதி. மாண்ட புல்லின் வேர்கள் மெல்ல மட்கி, மேல்மண் கருத்துக் கொழுமையடைகிறது. சேலத்து வெப்பத்திலோ இலையும் வேரும் விரைவில் அழிந்துபோகின்றன. அதனால் சுண்ணாம்பு இருந்தும் மட்கு நிலைப்பதில்லை. இவ்வேறுபாடே பின்வரும் இடர்களுக்குப் பெரிதும் காரணமாகும்.

சுண்ணாம்பு மண்ணுக்குத் தீங்கே விளைப்பது என்று கருதலாகாது. அது களித்துகள்களை ஒன்று சேர்த்து மண்ணைப் பொலபொலப்பாக வைக்கிறது. மண் புளித்துப் போகாமல் காக்கிறது. பயிருக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தையும் குறைவின்றி அளிக்கிறது. பருத்தி போன்ற பயிர்கள் இந்நிலத்தில் நன்கு வளரும்.

ஆயினும் இந்நிலத்தில் ஒரு விந்தையுண்டு. செம்மண்ணின் சிவப்பு, இரும்புத் துருவினால் அமைந்தது. அவ்வளவு இரும்பு காலடியில் கிடந்தும், நிலக்கடலையும் மரவள்ளியும் இரும்புச்சத்து இன்றி வாடுகின்றன! மண்ணில் சுண்ணாம்பு மிகும்போது இரும்பு நீரில் கரைவதில்லை. கரையாத பொருளை வேர் உறிஞ்சுவது இயலாது. துத்தநாகச் சத்துக்கும் இந்நிலையே நேர்கிறது. மணிச்சத்து உரத்தை இட்டாலும் அதன் பெரும்பகுதி சுண்ணாம்புடன் கூடி இறுகிவிடுகிறது. பூட்டிய களஞ்சியத்தின் வாயிலில் பசித்து நிற்பவன் நிலையே பயிரின் நிலையாகிறது.

இப்பசியை இலை காட்டிவிடும். இரும்புச்சத்துக் குறைந்தால் இளந்தளிர்கள் முதலில் மஞ்சளாகும். நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். முதிர்ந்த இலையிலுள்ள இரும்பு தளிருக்குப் பெயர்ந்து செல்லாமையே இதன் காரணம். தழைச்சத்துக் குறைந்தாலோ அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகும். இவ்வேறுபாட்டை அறியாத உழவன், மஞ்சளைக் கண்டவுடன் தழையுரத்தை மேன்மேலும் வாங்கி இடுவான். பொருள் செலவாகும், தளிர் பச்சையாகாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கி வளர்ந்த சவ்வரிசித் தொழிலுக்கு மரவள்ளியே மூலப்பொருள். ஆதலின் இப்பிழையால் வரும் இழப்பு பல குடும்பங்களைத் தாக்கும்.

சுண்ணாம்பையே அகற்றிவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஓர் ஏக்கரில் அரை அடி ஆழமுள்ள மேல்மண்ணின் எடை ஏறத்தாழ 900 டன். அதில் நூற்றுக்கு 5 பங்கு சுண்ணாம்பு எனின், 45 டன் ஆகிறது. அதனைக் கந்தகமிட்டு அழிக்க 14 டன்னுக்கு மேல் கந்தகம் வேண்டும். எந்த உழவனால் இது கூடும்? எனவே சுண்ணாம்பை வெல்ல முயல்வதினும், அதனோடு இயைந்து வாழும் வழியை நாடுவதே அறிவுடைமை.

அவ்வழிகள் இரண்டு. உடனடி வழி, பத்து லிட்டர் நீரில் 50 முதல் 100 கிராம் வரை அன்னபேதி உப்பைக் கரைத்து மாலை வேளையில் இலைமீது தெளித்தல். மண்ணில் தனியே இட்டால் அதன் இரும்பும் விரைவில் கரையாத நிலையை அடையும். நிலையான வழி, மட்கைப் பெருக்குதல். தொழுவுரமும், கொழிஞ்சி, சணப்பு முதலிய பசுந்தழைகளும் மட்கும்போது உண்டாகும் புளிப்புப் பொருள்கள், இரும்பைப் பற்றிக் கரைந்த நிலையில் வேரிடம் சேர்க்கின்றன. தோட்டத்தில் நீர் தேங்காமல் காப்பதும் இன்றியமையாதது. தேக்கமும், பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் கடினநீரும் இக்குறையை மிகுவிக்கும். மண்ணாய்வு செய்து பார்த்த பின்னரே உரமிடுதல் வேண்டும். இவ்வகை அறிவுரைகளைச் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் பெறலாம்.

ஒரு நிலத்தில் பொருள் இருப்பது வேறு. அது பயிருக்குப் பயன்படுவது வேறு. சுக்கான் நிலத்தில் இரும்புக்குப் பஞ்சமில்லை. அதனைப் பயன்படச் செய்யும் மட்குக்கே பஞ்சம். களஞ்சியத்தைத் திறக்கும் அத்திறவுகோல், உழவன் வீட்டுத் தொழுவத்திலும் வேலியோரத்துத் தழையிலும் உள்ளது. குப்பையென அதனை எரித்துவிடாமல் ஆண்டுதோறும் மண்ணுக்கே மீட்டளிக்கும் குடியானவனுக்கு, வன்னிலமும் நன்னிலமாகும்.