தள்ளிப்போடுவதும் நிறுத்திவிடுவதும்



சென்ற ஆண்டு என் அக்காவின் நிச்சயதார்த்தம், பாட்டியின் உடல்நலக் குறைவால் ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. டில்லியில் வளர்ந்த என் அத்தை மகளுக்குத் தமிழ் படிக்க வராது. ஆகவே ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். 'புட் ஆஃப்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'கால்ட் ஆஃப்' என்று எழுதிவிட்டேன். கடிதம் கிடைத்த அன்றே அத்தை தொலைபேசியில் அழைத்து, "ஏனம்மா, சம்பந்தம் முறிந்துவிட்டதா?" என்று கலங்கினார். முன்னதற்குத் தள்ளிப்போடுதல் என்றும், பின்னதற்கு அடியோடு நிறுத்திவிடுதல் என்றும் பொருள் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

'புட்' என்றால் வை. 'ஆஃப்' என்றால் அப்பால். இரண்டையும் தனித்தனியே அறிந்தவர்க்கும் கூட்டுப் பொருள் எளிதில் விளங்காது. இதில் வியப்பில்லை. நம் 'தள்ளிப்போடு' என்னும் சொல்லையே பாருங்கள். தேர்வைத் தள்ளிப்போடுபவர் எதையும் கையால் தள்ளுவதுமில்லை; கீழே போடுவதுமில்லை.

'புட் ஆஃப்' என்பதைக் கையாளும்போது நான்கு செய்திகளை நினைவிற் கொள்வோம்.

1. 'ஆஃப்' என்று எழுதும்போது இரண்டு 'எஃப்' வேண்டும். ஒன்றை விட்டால் 'உடைய' என்று பொருள்தரும் வேறு சொல்லாகிவிடும்.

2. இறந்த காலத்திலும் 'புட்' மாறாது. 'யெஸ்டர்டே தே புட் ஆஃப் த மீட்டிங்' என்றே எழுத வேண்டும்.

3. பெயர்ச்சொல் இறுதியிலும் வரலாம், நடுவிலும் வரலாம். 'புட் ஆஃப் த மீட்டிங்', 'புட் த மீட்டிங் ஆஃப்' இரண்டும் சரியே. ஆனால் 'இட்', 'தெம்' போன்ற பிரதிப் பெயர்கள் நடுவில்தான் வரும். 'புட் இட் ஆஃப்' சரி. 'புட் ஆஃப் இட்' பிழை.

4. பின்னால் ஒரு வினை வந்தால் அதனுடன் 'ஐ, என், ஜி' சேர வேண்டும். 'ஐ புட் ஆஃப் ரைட்டிங் த லெட்டர்' என்பதே முறை. 'டு ரைட்' பொருந்தாது.

அக்காவின் நிச்சயதார்த்தம் மறு மாதம் இனிதே நடந்தேறியது. பாட்டியும் முன்வரிசையில் அமர்ந்து வாழ்த்தினார். அத்தை மகளிடம் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டிய கடிதத்தை மட்டும் இன்றுவரை தள்ளிப்போட்டு வருகிறேன். இன்று செய்யக்கூடியதை நாளைக்குத் தள்ளிப்போடாதே என்னும் ஆங்கிலப் பழமொழியிலும் இதே 'புட் ஆஃப்'தான் இருக்கிறது. ஆகவே இக்கட்டுரையை முடித்தவுடன் அக்கடிதத்தை எழுதப் போகிறேன், இம்முறை பிழையின்றி!

பத்தாம் வகுப்பு மாணவி