வேலையைப் பறித்தால் வெறுப்பு போகுமா?

அன்புள்ள தம்பிக்கு,

சாதியையும் மதத்தையும் இழிவுபடுத்திப் பதிவு போடும் நடிகர்களுக்கு வாய்ப்பே தராமல் விரட்டிவிட்டால் இந்த வெறுப்பு ஒழிந்துவிடாதா என்று கேட்டிருக்கிறாய். பேச்சு குறையலாம், எண்ணம் குறையுமா என்பதுதான் என் கேள்வி. பழவேற்காட்டுக் குப்பத்தில் வளர்ந்த உனக்கு ஊர்க் கட்டுப்பாடு என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. பஞ்சாயத்து ஒருவரை விலக்கி வைத்தால் அவரோடு யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். அவர் அபராதம் கட்டி, மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வருவார். வாயைக் கட்ட அது போதும். மனம் மாறியதா என்பதை எந்தப் பஞ்சாயத்தும் அளந்து சொன்னதில்லை.

நடிகர்களை விலக்கும்போதும் இதையே பார்க்கலாம். 2018 மே 29 அன்று அமெரிக்க நகைச்சுவை நடிகை ரோசன் பார், ஒபாமாவின் ஆலோசகராக இருந்த கறுப்பினப் பெண்மணி வாலரி ஜாரட்டைக் குரங்கோடு சேர்த்து ட்விட்டரில் எழுதினார். சில மணி நேரத்தில் ஏபிசி தொலைக்காட்சி அவருடைய தொடரையே நிறுத்தியது. அக்டோபரில் அதே குடும்பக் கதை, அவர் இல்லாமல், வேறு பெயரில் வந்தது. 2023இல் ரோசன் பாரும் ஃபாக்ஸ் நேஷன் தளத்துக்கு வந்து சேர்ந்தார், தன்னை விலக்கியதையே தலைப்பாக வைத்த மேடை நிகழ்ச்சியோடு. நம் ஊரிலும் இந்தக் கதை உண்டு. 2019 மார்ச்சில் நயன்தாராவை மேடையில் இழிவாகப் பேசியதற்காக நடிகர் ராதாரவியைத் தி.மு.க. தற்காலிகமாக நீக்கியது. அதே ஆண்டு முடிவதற்குள் அவர் வேறொரு கட்சியில் சேர்ந்துவிட்டார். ஒரு கதவு சாத்தினால் இன்னொரு கதவு திறக்கிறது. அங்கே அவருக்குக் கிடைப்பது 'பாதிக்கப்பட்டவர்' என்ற பட்டம்.

அப்படியானால் தண்டனையே வீண் என்கிறாயா என்று நீ கேட்பாய். இல்லை. 2015இல் ரெடிட் தளம் வெறுப்பைப் பரப்பிய சில குழுக்களை மூடியது. அதை ஆராய்ந்தவர்கள், அந்தக் குழுக்களில் இருந்து தளத்தில் தொடர்ந்து தங்கியவர்களின் வெறுப்புச் சொற்கள் குறைந்தது 80 சதவீதம் சரிந்ததைக் கண்டார்கள். பலர் தளத்தை விட்டே போய்விட்டதையும் அவர்களே குறிப்பிட்டார்கள். இனப்படுகொலை நடந்த ருவாண்டாவில் நல்லிணக்கத்தைச் சொல்லும் வானொலி நாடகம் ஒன்றை மக்களுக்கு ஓராண்டு கேட்க வைத்து 2009இல் வெளியிட்ட ஆய்வும் இதே பக்கம்தான் போகிறது. கேட்டவர்களின் சொந்த நம்பிக்கை பெரிதாக மாறவில்லை. ஆனால் 'நம் ஊரில் எது தகும், எது தகாது' என்ற கணிப்பு மாறியது, நடத்தையும் மாறியது. பொது இடத்தில் எதைச் சொல்லக் கூடாது என்று கோடு போடுவது சிறிய காரியம் இல்லை, இழிசொல்லை நாள்தோறும் கேட்க வேண்டியவர்களுக்கு அது பெரிய நிம்மதி. தன் கீழே வேலை செய்பவரை இழிவுபடுத்துபவரை அந்த இடத்திலிருந்து நீக்குவதும் நியாயமே. அதைப் பாதுகாப்பு என்று சொல், நீதி என்று சொல். வெறுப்பு குறைந்தது என்று மட்டும் கணக்கில் எழுதிவிடாதே.

இன்னொன்றையும் யோசி. விலக்கும் கோல் எப்போதும் நல்லவர் கையில் இருப்பதில்லை. 2018 அக்டோபரில் பாடகி சின்மயி, கவிஞர் வைரமுத்து மீதான பாலியல் புகாரை ட்விட்டரில் வெளிப்படையாகச் சொன்னார். வைரமுத்து அதை மறுத்தார். நவம்பரில் டப்பிங் கலைஞர் சங்கம் சின்மயியை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. சந்தா கட்டவில்லை என்பது சங்கம் சொன்ன காரணம், அதை அவர் ஏற்கவில்லை. சங்கத்தின் அப்போதைய தலைவர் அதே ராதாரவி. 2021 ஆகஸ்டில் நடிகை மீரா மிதுன் கைதானது எதற்காக? பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்களைத் திரையுலகை விட்டே விரட்ட வேண்டும் என்று காணொளியில் பேசியதற்காக. பிழைப்பிலிருந்து விரட்டு என்பது சாதி காலம் காலமாகப் போட்டுவரும் கட்டளை. அதே கட்டளையை நாமும் கையில் எடுக்கும்போது ஒரு கணமாவது தயங்க வேண்டும்.

வெறுப்பு எங்கே குடியிருக்கிறது என்பதை உன் பழவேற்காடு ஏரியிலேயே பார்க்கலாம். சில குப்பங்களின் தலைக்கட்டுகளுக்குள் குலுக்கல் போட்டு, இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை விடலாம் என்று பிரித்துக்கொள்வதுதான் பாடு. சண்டையைத் தடுக்க முன்னோர் கண்ட நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் குலுக்கலில் பெயர் இல்லாதவர்களும் அதே ஏரியில்தான் பிழைக்கிறார்கள். சேற்றுத் தண்ணீரில் தவழ்ந்து, கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களைப் பார்த்திருப்பாய். இரண்டு கையும் அடிச்சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள். அவர்களை இழிவாகப் பேசி யாரும் பதிவு போடவில்லை என்று வைத்துக்கொள். அதனால் அவர்களுக்குப் பாடு முறையில் பங்கு கிடைத்துவிடுமா?

எண்ணத்தை மாற்றுவது எது என்பதற்கும் சான்று இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் மேட் லோ என்ற பொருளியலாளர் 1,261 இளைஞர்களை ஆய்வுக்கு எடுத்து, அவர்களில் 800 பேரை வைத்துக் கிரிக்கெட் போட்டிகள் நடத்தினார். பல சாதியினர் ஒரே அணியில் ஆடியபோது சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணிகளாக மட்டும் சந்தித்தபோது அந்தப் பலன் வரவில்லை. பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது, ஒரே வெற்றிக்காக உழைக்க வேண்டும். ஆனால் இதற்குக் காலம் பிடிக்கும், ஒரு நடிகரை நீக்கும் அறிக்கையைப் போல ஒரே நாளில் முடியாது.

ஆகவே நீ ஆடும் அணியின் பையன் ஒருவன் வாட்ஸ்அப்பில் சாதி சொல்லிக் கேலி செய்தால் முதலில் எல்லோர் முன்னும் தவறு என்று சொல். வெளியாள் சொல்வதைவிட அவன் மதிக்கும் சொந்த ஆள் சொன்னால்தான் உறைக்கும். பிறகு அவனை விரட்டாமல் வைத்துக்கொண்டு, இதுவரை உங்கள் அணியில் இடம் பெறாத குடியிருப்புப் பையன்களை அழைத்து வந்து அவனோடு சேர்ந்து ஆடவிடு. நாளை பஞ்சாயத்தில் உட்காரும் வயது வரும்போது, குலுக்கலில் யார் பெயர் இல்லை என்ற கேள்வியை அங்கே எழுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்