செயற்கை நுண்ணறிவுக் கருவியும் களப்பணிக் குழுவும்

பயிர்ப் பாதுகாப்பில் நோயை இனங்காண்பதே முதற்படியாகும். அதில் பிழை நேரின், பின்னர்க் கூறும் அறிவுரை யாவும் பிழையாகவே முடியும். இப்பணிக்குத் துணையாக 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் மத்திய அரசு தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கியது. வயலில் எடுத்த படத்தைக் கைப்பேசி வழியே அனுப்பினால், செயற்கை நுண்ணறிவு அதனை ஆராய்ந்து பூச்சியின் பெயரைக் கூறுகிறது. பல பயிர்களும் 400க்கு மேற்பட்ட பூச்சிகளும் இதில் அடங்கும்.

கருவி செயற்படும் விதம்

இத்தகைய கருவிக்கு வல்லுநர் பெயரிட்ட ஆயிரக்கணக்கான படங்கள் முன்னரே காட்டப்படுகின்றன. நிறம், வடிவம், விளிம்பு ஆகியவற்றின் ஒழுங்கை அது அவற்றினின்று கற்கிறது. புதிய படம் வந்ததும், தான் கற்றவற்றுள் எதனோடு அது மிகுதியும் ஒத்திருக்கிறது என்று கணிக்கிறது. ஆகவே அதன் விடை ஒரு கணிப்பேயன்றி முடிந்த தீர்ப்பன்று. படம் தெளிவற்றிருந்தாலும், கருவி கல்லாத நோய் தோன்றினாலும் விடை தவறக்கூடும்.

ஓர் உதாரணம்

நெல்லில் குலைநோயின் புள்ளிகள் இருமுனையும் கூர்மையாய், நடுவில் சாம்பல் நிறத்துடன் இருக்கும். பழுப்புப் புள்ளி நோயின் புள்ளிகள் எள்ளைப்போல் நீள்வட்டமாய் இருக்கும். தொடக்க நிலையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் தழைச்சத்து மிகுந்தால் குலைநோய் பெருகும். பழுப்புப் புள்ளி நோயோ சத்துக் குறைந்த மண்ணில் பெருகும். ஒன்றை மற்றொன்றாகக் கருதினால், உரம் நிறுத்த வேண்டிய வயலில் உரம் விழும். 1942ஆம் ஆண்டு வங்காளத்தில் நெற்பயிரைப் பேரளவில் அழித்தது பழுப்புப் புள்ளி நோயே என்பதை இங்கு நினைவுகூரத் தகும்.

மேலதிகாரியின் கடமை

கருவியை வழங்கி ஆணை பிறப்பிப்பதோடு மேலதிகாரியின் கடமை தீர்ந்துவிடாது. பணியாளர் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு. தமது அனுபவத்திற்கு இனி மதிப்பிராதோ என்பது ஒன்று. கருவியின் பிழைக்குத் தாம் பொறுப்பேற்க நேருமோ என்பது மற்றொன்று. இவ்வையங்கள் நீங்கக் கீழ்க்கண்ட முறை உதவும்.

1. மேலதிகாரி தாமும் வயலுக்குச் சென்று, குழுவினர் முன்னிலையில் கருவியைக் கையாள வேண்டும். அது தவறும் இடத்தை மறையாது காட்ட வேண்டும்.

2. முதலில் ஒரு பயிரை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். கருவியின் விடையைப் பார்க்குமுன் பணியாளர் தம் முடிவைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

3. இரண்டும் வேறுபட்டால் மருந்து பரிந்துரைக்காமல், வல்லுநரிடம் மாதிரியை அனுப்ப வேண்டும். அவர் முடிவையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

4. வாரந்தோறும் அப்பதிவேட்டைக் குழு கூடி ஆராய வேண்டும். அது கருவியை மதிப்பிடுவதற்கேயன்றிப் பணியாளரின் குறை காண்பதற்கன்று.

5. உழவரின் பெயர், தொலைபேசி எண், நில விவரம் ஆகியவற்றைப் பொதுக் கருவிகளில் பதியலாகாது.

இம்முறையில் பழகும் குழுவில் மூத்த பணியாளரின் கண்கூர்மை வீணாவதில்லை. கருவியைச் சோதிக்கும் உரைகல்லாக அதுவே அமைகிறது. உழவர் கேட்கும் அறிவுரைக்குப் பொறுப்பு என்றும் மனிதரையே சார்ந்தது.

பயிற்சி வினாக்கள்

1. கருவியின் விடையைப் பார்க்குமுன் பணியாளர் தம் முடிவை எழுதுவதால் விளையும் நன்மை யாது?

2. குலைநோயைப் பழுப்புப் புள்ளி நோயென்று கருவி கூறினால், அவ்வயலில் நேரக்கூடிய தீங்கை விளக்குக.