கிரகணவேளையும் உயிரினங்களும்

உயிரினங்கள் பொழுதறிந்து வாழ்வன. விடியலிற் சேவல் கூவுதலும், அந்தியிற் காகங்கள் கூட்டமாய் மரஞ்சேர்தலும், இருள் பரவச் சுவர்க்கோழி ஒலித்தலும் பூண்டுலோயா மலைச்சாரலில் வாழும் நமக்கு நாள்தோறும் பழகிய காட்சிகள். இவை ஞாயிற்றின் ஒளியை நோக்கி நிகழ்வனவா? அன்றி, உடலினுள்ளே அமைந்த காலவுணர்ச்சியால் நிகழ்வனவா? நடுப்பகலில் ஒளியை மட்டும் சிறிது பொழுது நீக்கிப் பார்க்க இயலுமாயின் இவ்வினாவுக்கு ஓரளவு விடை காணலாம். அத்தகைய சோதனையை இயற்கையே செய்து காட்டுகின்றது. அதுவே சூரிய கிரகணம்.

1955ஆம் ஆண்டு யூன் 20ஆந் திகதி இலங்கையில் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அதனை ஆராய வெளிநாட்டு அறிஞர் பலர் கருவிகளுடன் பொலனறுவைப் பகுதிக்கு வந்தனர். முகில் வானை மறைத்தமையால் அவர்தம் முயற்சி இடையூறுற்றது. வானை நோக்குவார்க்கு முகில் பகை. ஆனால், கோழியையும் தேனீயையும் நோக்குவார்க்குத் தொலைநோக்கியும் வேண்டா. தெளிந்த வானமும் இன்றியமையாததன்று. கண், காது, கடிகாரம், கொப்பி என்னும் நான்கும் போதும். ஆதலின் இப்பணி விஞ்ஞானியர்க்கு மட்டும் உரியதன்று; லயத்தில் வாழும் மாணவனுக்கும் உரியது.

பொதுமக்களைக் கொண்டே இவ்வாராய்ச்சி நடந்ததற்குச் சான்றுண்டு. 1932 ஓகஸ்ட் 31இல் அமெரிக்காவில் முழுக் கிரகணம் நிகழ்ந்தபோது, பொஸ்டன் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பொதுமக்களிடம் குறிப்புகள் வேண்டினர். ஏறத்தாழ ஐந்நூறு குறிப்புகள் வந்தன. எறும்பாராய்ச்சியிற் புகழ்பெற்ற வில்லியம் மோட்டன் வீலரும் பிறரும் அவற்றைத் தொகுத்து 1935இல் வெளியிட்டனர். கோழிகள் கூடடைந்ததையும், தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பியதையும், சுவர்க்கோழிகள் ஒலித்ததையும் பலர் எழுதியிருந்தனர்.

பிற்காலத்தார் மேலும் நுணுகி ஆராய்ந்தனர். 1991 யூலை 11இல் மெக்சிக்கோவில், கூட்டமாய் வாழும் ஒருவகைச் சிலந்திகள் இருள் சூழ்ந்ததும் தம் வலைகளைப் பிரிக்கத் தொடங்கின. விளக்கொளி பாய்ச்சப்பட்ட சிலந்திகளோ அவ்வாறு செய்யவில்லை. ஒளியின் குறைவே காரணம் என்பது இதனால் தெளிவாயிற்று. 2017 ஓகஸ்ட் 21இல் அமெரிக்காவில் பள்ளிச் சிறுவர் உட்பட நானூற்றுக்கு மேற்பட்டோர் துணைசெய்ய, பதினாறு இடங்களில் ஒலிவாங்கிகள் வைத்துத் தேனீக்களின் இரைச்சல் பதியப்பட்டது. ஞாயிறு பகுதியாய் மறைந்திருந்த அளவும் அவை பறந்தன. முற்றும் மறைந்தபோது எல்லா இடங்களிலுமாக ஒரேயொரு இரைச்சலே பதிவாயிற்று.

இங்கே மாணவர் ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். கிரகணத்தன்று தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்திப் பார்க்கும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. உலக்கை நிற்கின்றது, உடனே அது கிரகணத்தின் ஆற்றல் என்கின்றோம். மற்றொரு நாளில் நிறுத்திப் பார்த்தவர் எத்துணைப் பேர்? அடி சமமான உலக்கை எந்நாளும் நிற்கும். நாய் ஊளையிட்டது, மாடு கதறியது என்னும் செய்திகளும் இத்தகையனவே. நாய் நேற்றும் அதே வேளையில் ஊளையிட்டதா என்று அறியாதவரை அச்செய்தியாற் பயனில்லை.

2031 மே 21இல் நண்பகலை அடுத்து வளையச் சூரிய கிரகணம் ஒன்று தென்னிந்தியாவிலும் இலங்கையின் வடபகுதியிலும் தோன்றும். மலையகத்தில் ஞாயிற்றின் பெரும்பகுதி மறையும். அந்நாளுக்கென யாம் மாணவர்க்குக் கூறும் முறை இது: ஒருவர் ஓர் உயிரினத்தையே தேர்ந்துகொள்க. முன் மூன்று நாளும் பின் மூன்று நாளும் அதே வேளையில் அதனைக் கவனித்து எழுதுக. நம் மலைகளில் மூடுபனியும் ஒளியைக் குறைக்குமாதலின் அதனையும் குறிக்க. “கோழிகள் கலங்கின” என்றெழுதாது, “1.10 மணிக்குப் பன்னிரண்டு கோழிகளுள் ஐந்து கூட்டினுட் சென்றன” என்றெழுதுக. மாற்றம் நிகழாதாயின் “மாற்றமில்லை” என்று தயங்காது எழுதுக. மாறாமையும் ஓர் உண்மையே. கிரகணவேளையில் வெளியேறாத வழக்கமுடையோர் யன்னலருகிலிருந்து ஒலிகளைக் குறிக்கலாம். வெறுங்கண்ணாலோ, புகைபிடித்த கண்ணாடியாலோ ஞாயிற்றைப் பார்த்தல் கூடவே கூடாது, கண்ணொளி கெடும்.

எம் பழைய மாணவர் தலவாக்கலையிலும், அற்றனிலும், யாழ்ப்பாணத்திலும், தமிழகத்திலும் பரந்து வாழ்கின்றனர். வளையத்தின்கீழ் இருப்பாரும் பகுதி மறைவின்கீழ் இருப்பாரும் ஒரே முறையில் எழுதிய குறிப்புகளை ஒப்புநோக்கினால், எவ்வளவு ஒளி குறைந்தால் எவ்வுயிர் மாறுகின்றது என்பது புலனாகும். பழைய மாணவர் சங்கம் இக்குறிப்புகளைத் தொகுக்குமாயின், மலையக மாணவன் பிறர் கண்டதைப் படிப்பவனாக மட்டுமன்றித் தான் கண்டதைப் பிறர்க்கு அளிப்பவனாகவும் விளங்குவான். கொப்பிகள் இன்றே ஆயத்தமாகுக.